மருத்துவ மாணவரும் கிராமக் குடும்பங்களும்

மும்பையின் வடகிழக்குப் புறநகரான பாண்டுப்பில், ரயில் பாதைக்கு மேற்கே செல்லச் செல்ல நிலம் உயர்ந்து குன்றுச் சரிவாகிறது. அச்சரிவில் நெருங்கியமைந்த குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், முதல் நாள் கஷாயமும் நெற்றிப் பற்றும் நடைபெறும்; இரண்டாம் நாள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை; அதற்கும் தணியாவிடில் மூன்றாம் நாள் தாயார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கீழிறங்கி, சந்து முனையிலுள்ள டாக்டரின் தவாகானாவுக்குச் செல்வாள். பெரும்பாலான நோய்கள் இம்மூன்று படிகளுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மிகச் சிலரே ரயிலேறிச் சயானில் இறங்கி, அங்குள்ள பெரிய நகராட்சி மருத்துவமனையின் வரிசையில் போய் நிற்கின்றனர். 1964-ஆம் ஆண்டில் தோன்றிய லோகமான்ய திலகர் நகராட்சி மருத்துவக் கல்லூரி அம்மருத்துவமனையைச் சார்ந்தது. அங்கே பயிலும் மாணவர் படுக்கையருகில் நின்று பரிசோதிக்கும் நோயாளி, அந்த மிகச் சிலருள் ஒருவரேயாவார். மற்றவர்களை அவர் எங்கே காண்பது? மருத்துவக் கல்வியைப் பற்றிச் சிந்திப்போர் பலரை நெடுநாளாக உறுத்திவரும் கேள்வி இது.

1961-ஆம் ஆண்டில் கெர் ஒயிட் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய சகாக்கள் இருவரும், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடைத்த புள்ளிவிவரங்களைத் தொகுத்து ஒரு கணக்கை வெளியிட்டனர். வயது வந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாத காலத்தில் அவர்களுள் 750 பேருக்கு ஏதேனும் ஓர் உடல்நலக் குறை ஏற்படுகிறது. 250 பேர் மருத்துவரை ஒரு தடவையாவது நாடுகின்றனர். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகின்றனர். பல்கலைக்கழக மருத்துவமனையைச் சென்றடைபவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2001-இல், அமெரிக்காவில் இக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தனர். இடைக்காலத்தில் மருத்துவம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆயினும் பல்கலைக்கழக மருத்துவமனையில் படுத்தவர் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே இருந்தனர். நம் நாட்டின் எண்கள் சற்று வேறுபடலாம். ஆனால் படிகளின் அமைப்பு இதுவே என்பதைப் பாண்டுப்பின் சந்துகளில் வாழ்வோர்க்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை.

அந்த ஒருவரைக் கொண்டே மருத்துவம் முழுவதையும் கற்கும் மாணவருக்கு நேரும் குறை, பலர் எண்ணுவது போல அனுதாபக் குறைவு மட்டுமன்று; அது கணிதத்தைச் சார்ந்தது. ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நோயுள்ளவர் 100 பேரில் 90 பேரை அது சரியாகக் காட்டிக்கொடுக்கும். நோயற்றவர் 100 பேரில் 90 பேரை நோயற்றவரென்றே விடுவிக்கும். மேலிடத்துக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளே கூடும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 1,000 பேருக்கு இச்சோதனை செய்யப்படுகிறது என்றும், அவர்களுள் 500 பேருக்கு மெய்யாகவே அந்நோய் உண்டு என்றும் கொள்வோம். சோதனை 500 பேரைச் சுட்டும். அவர்களுள் 450 பேர் உண்மையான நோயாளிகள். பத்துக்கு ஒன்பது சரி. இனி அதே சோதனையை, 1,000 பேரில் 10 பேருக்கே அந்நோயுள்ள ஒரு கிராமத்துக்குக் கொண்டுசெல்வோம். அங்கே அது 108 பேரைச் சுட்டும். அவர்களுள் உண்மையான நோயாளிகள் 9 பேரே! எஞ்சிய 99 பேரும் காரணமின்றிக் கலக்கமடைவர். வேண்டாத மருந்தும் உண்ணக்கூடும். கருவியும் மாறவில்லை, கையாள்பவரும் மாறவில்லை. இடம் மாறிற்று, விடையின் பொருள் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நீடித்த இருமலைக் கண்டவுடன் எழும் ஐயமும், கிராமத்தில் அதே இருமலைக் கண்டு எழவேண்டிய ஐயமும் ஒன்றல்ல. இதைப் புத்தகத்தில் படித்தறியலாம்தான். ஆயினும் நாளொன்றுக்கு அறுபது இருமல்களைக் கேட்டு, அவற்றுள் எந்த ஒன்றை மேலே அனுப்புவது என்று தாமே தீர்மானிக்க நேரும்போதுதான் அது மாணவரின் அறிவில் ஊன்றுகிறது.

மாணவர்கள் ஒவ்வொரு துறையிலும் சில வாரங்கள் மாறி மாறிப் பணியாற்றுவதைச் 'சுழற்பயிற்சி' என்று மொழிபெயர்ப்பாளராகிய நாங்கள் எழுதுகிறோம். மாணவர்கள் 'போஸ்டிங்' என்றே சொல்கின்றனர். கிராமத்துக்கு அனுப்பப்படும் வாரங்களைக் குறிக்கையில் அச்சொல்லில் தண்டனையின் சாயல் சிறிது ஏறிவிடுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் இப்பயிற்சியை வெகுகாலமாகப் பொருட்படுத்தி நடத்திவரும் இடங்களுள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி முக்கியமானது. அதனை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ஆம் ஆண்டில் வேலூரில் பணி தொடங்கியவர். நோயாளிகள் தம்மைத் தேடி வருவதற்குக் காத்திராமல், குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி வைத்தியம் செய்யும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். முதலில் மாட்டுவண்டி, பின்னர் மோட்டார் வண்டி. 1918-இல் பெண்களுக்கென அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பிற்காலத்தில் கல்லூரியாக வளர்ந்தது. 1947-இல் ஆண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அதே குடியாத்தம் சாலையிலுள்ள கீழ்வைத்தியனான்குப்பத்தில், அதாவது கே. வி. குப்பத்தில், 1977-இல் கல்லூரியின் கிராம சுகாதார, சமூகப் பணி நிலையம் அமைந்தது. இக்கல்லூரியில் சேரும் மாணவர், உடற்கூற்றியலைப் படித்துக்கொண்டிருக்கும் முதலாண்டிலேயே ஒரு கிராமத்தில் தங்கி வீடுவீடாகச் சென்று கணக்கெடுக்கிறார். அப்போது அவருக்கு ஒரு நோயின் பெயரும் சரியாகத் தெரியாது. அதுவே ஒரு வசதி என்று கூறலாம். நோய்களைத் தெரிந்துகொள்வதற்கு முன் குடும்பங்களைத் தெரிந்துகொள்கிறார். கிணறு யாருடைய தெருவில் இருக்கிறது, அடுப்புப் புகை எவ்வழியாக வெளியேறுகிறது, கூலி வேலைக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்கிறாள் என்பன அவருடைய குறிப்பேட்டில் முதலில் ஏறுகின்றன.

பின்னர் நோய் வருகிறது. ஓர் எளிய உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு நிமோனியா உண்டா இல்லையா என்பதை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் காட்டும். நெஞ்சொலிக் கருவியின் நுட்பமான ஓசைகளை அனுபவமிக்க காது பிரித்தறியும். இரண்டும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? பாப்புவா நியூகினியாவில் ஃபிராங்க் ஷான் என்னும் மருத்துவர், குழந்தை நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறது என்று எண்ணினாலே பெரும்பாலும் போதும் என்று கண்டார். வேலூர் மருத்துவர்களும் இதே பொருளை ஆராய்ந்து 1988-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சின் வேகமும், மூச்சை உள்ளிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குவதும் நம்பத்தக்க அறிகுறிகள் என்று அவை காட்டின. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த விதி இன்றும் வழக்கிலுள்ளது: இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். தேவையான கருவி ஒரு கைக்கடிகாரமே. ஆனால் குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணவேண்டும். அழுகின்ற குழந்தையை அமைதிப்படுத்துவது தாயின் கையில் உள்ளது. தாயின் பதற்றத்தைத் தணிப்பதோ மாணவரின் பேச்சில் உள்ளது. ஆகவே மிகச் சாதாரணமான இச்சோதனைக்கும் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சு என்னும்போது, மொழியைப் பற்றியும் சிறிது கூறுவது அவசியம். கிராமத்துத் தாய், குழந்தைக்கு 'மாந்தம்' என்கிறாள். அகராதியில் அது செரியாமையைக் குறிக்கும். ஆனால் அவள் வாயில் அது வயிற்றோட்டமாக இருக்கலாம், வயிற்றுப் பொருமலாக இருக்கலாம், பால் குடிக்க மறுப்பதாகவும் இருக்கலாம். 'உச்சிக்குழி விழுந்துவிட்டது' என்று அவள் கூறினால், அது மூடநம்பிக்கை என்று மாணவர் ஒதுக்கிவிடலாகாது. உடலில் நீர் வற்றிய கைக்குழந்தையின் உச்சிக்குழி மெய்யாகவே உள்ளமிழும் என்பது அவருடைய பாடநூலிலேயே உள்ளது. தாய் சரியாகவே பார்த்திருக்கிறாள். அதன் காரணத்தைத்தான் வேறு விதமாகக் கூறுகிறாள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கும் மாணவர், உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குழந்தைக்குப் புகட்டச் செய்வது எளிதாகிறது. தாயின் சொல்லைக் கேட்டுச் சிரிப்பவருக்கு அது எளிதாயிராது.

அக்கரைசலிலும் ஒரு பாடம் உண்டு. பொட்டலத்தின் மருந்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்கவேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிஞ்சி ஆபத்தாகும், கூடினால் பயனிராது. 'ஒரு லிட்டர்' என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதற்கு ஒரு விநாடி போதும். ஆனால் அவ்வீட்டில் ஒரு சொம்பும், ஒரு தம்ளரும், வாய் ஒடுங்கிய ஒரு குடமும் மட்டுமே இருக்கலாம். சொம்பு எவ்வளவு கொள்ளும் என்று அங்கேயே அளந்து பார்த்துத் தாயிடம் காட்டிவிட்டு வரும் மாணவர், அன்றைய தினம் ஒரு சிகிச்சையை முழுமையாகச் செய்தவராகிறார்.

மருந்துச் சீட்டு வீட்டுக்குள் நுழைந்த பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பது ஆஸ்பத்திரியில் பயில்வோர் அறிய வாய்ப்பில்லாத ஒரு விஷயம். இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை உண்ணவேண்டிய முதியவர், தலை சுற்றும் நாட்களில் மட்டும் அதை உண்கிறார். மாத்திரை 'சூடு' என்பது அவருடைய அபிப்பிராயம். அண்டை வீட்டுக்காரருக்கும் 'பிரஷர்' என்று கேள்விப்பட்டுப் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கிறார். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்துண்ண வேண்டியவர், இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றவுடன் நோய் போய்விட்டதென்று கூலி வேலைக்குத் திரும்பிவிடுகிறார். மருந்து வாங்கச் செல்லும் நாள் ஒரு நாட்கூலியை இழக்கும் நாளாகும். நோயாளி சொற்கேளாதவர் என்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் எழுதிவிடலாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், அவர் தம் நிலைமையில் நியாயமாகத்தான் நடந்துகொண்டார் என்பது பெரும்பாலும் தெரியவரும். சிகிச்சையை அந்நியாயத்தோடு பொருத்துவது எப்படி என்பதே குடும்ப மருத்துவத்தின் கடினமான பகுதி. அதை ஒரே நாளில் கற்க முடியாது. அதே வீட்டுக்கு மறுபடியும் மறுபடியும் செல்லவேண்டும்.

கிராம வைத்தியம் அறிவில் தாழ்ந்தது என்னும் எண்ணம் பட்டதாரிகளிடையே பரவலாக உள்ளது. இங்கிலாந்தில் யார்க்ஷயர் மலைப்பகுதியின் எய்ஸ்கார்த் கிராமத்தில் வாழ்நாள் முழுதும் குடும்ப வைத்தியராக இருந்த வில்லியம் பிக்கிள்ஸின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு நல்ல மாற்று. 1929-இல் அப்பள்ளத்தாக்கில் மஞ்சட்காமாலை பரவிற்று. சுமார் 5,700 மக்களுள் ஏறக்குறைய 250 பேர் நோயுற்றனர். நகரத்து மருத்துவருக்கு, நோயாளி யாரிடமிருந்து எப்போது தொற்றைப் பெற்றார் என்று கண்டுபிடிப்பது இயலாத காரியம். ஒரு நாளில் நூறு பேரோடு உரசுகிறார். பிக்கிள்ஸுக்கோ, எந்தப் பெண் எந்த வீட்டு விருந்துக்குச் சென்றாள், எந்தச் சிறுவன் யாரோடு பள்ளிக்கு நடந்தான் என்பன தெரியும். ஒரே ஒரு சந்திப்பின் மூலம் நோய் தொற்றிய குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து நாட்களைக் கணக்கிட்டு, தொற்றுக்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே 26 முதல் 35 நாட்கள் கழிகின்றன என்று அவர் நிறுவினார். ஹெபடைடிஸ் ஏ என்று இன்று பெயர் பெற்ற அந்நோய்க்குச் சராசரி 28 நாட்கள் என்பது தற்காலக் கணக்கு. ஆய்வுக்கூடம் இன்றி, குறிப்பேட்டைக் கொண்டும் அண்டை அயலாரின் பரிச்சயத்தைக் கொண்டும் பெறப்பட்ட விடை அது. 1953-இல் பிரிட்டனின் பொது மருத்துவர் கல்லூரிக்கு அவரே முதல் தலைவரானார்.

நம் நாட்டில் இத்தேவை காலந்தாழ்ந்து உணரப்பட்டதென்று கூறமுடியாது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, ஒவ்வொரு மருத்துவ மாணவரும் நோய்த் தடுப்பு மருத்துவத்திலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி பெற்றுச் 'சமூக மருத்துவர்' ஆகவேண்டும் என்றது. 1952-இல் சமுதாய அபிவிருத்தித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயின. பின்னர் ஸ்ரீவஸ்தவ் குழுவின் யோசனைகளையொட்டி, 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் பொறுப்பை ஏற்று ஆசிரியரையும் மாணவரையும் அங்கே அனுப்பும் திட்டம் தொடங்கப்பட்டது. நடமாடும் மருத்துவமனைகளாகப் பெரிய ஊர்திகளும் வழங்கப்பட்டன. நோக்கம் சிறந்தது, ஊர்திகள் பெரியவை, கிராமத்துச் சாலைகள் சிறியவை. நாளடைவில் பல இடங்களில் ஊர்திகள் நின்றன, திட்டமும் தேய்ந்தது. 2020-இல் பொறுப்பேற்ற தேசிய மருத்துவ ஆணையம், 2021-22 ஆண்டு மாணவர்களிலிருந்து ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுவதும் அவர்களுடைய உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே சேர்த்துள்ளது. பட்டத்துக்கு முந்திய ஓராண்டுப் பயிற்சியில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

வாரங்களை ஒதுக்குவது எளிது. அந்த 12 வாரங்களிலும் பயிற்சி மருத்துவர்கள் பலருடைய மேசையில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் வினாத்தொகுப்பு திறந்திருப்பது அனைவரும் அறிந்த இரகசியம். அவர்கள்மீது மட்டும் குற்றம் சுமத்துவதற்கில்லை. அவ்வினாக்களுள் சொம்பின் கொள்ளளவைப் பற்றிய வினா ஏதும் இல்லையே! கிராமத்திலுள்ள மருத்துவர் நூறு நோயாளிகளுக்கிடையே மாணவருக்குக் கற்பிக்க நேரமின்றித் தவிப்பதும் உண்டு. வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவருக்கு வட்டார மொழி தெரியாமற்போவதும் சிறு தடையன்று. மராத்தி அறியாத மாணவர் கிராமத்து மூதாட்டியிடம் உடன்வந்த செவிலியர் மூலம் பேசும்போது, மேலே கூறிய 'மாந்தம்' போன்ற சொற்களே முதலில் நழுவிவிடுகின்றன.

நகரத்தைவிட்டு நீங்கினால் கல்வித் தரம் குறையும் என்று பெற்றோரும் பேராசிரியரும் அஞ்சுவதுண்டு. இவ்வச்சம் வேறு நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிய திட்டத்தில், மாணவர் ஒன்பது மாதங்கள் ஒரு சிற்றூரில் தங்கிக் குடும்ப மருத்துவரோடு பணியாற்றுகிறார். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-இல் இன்னும் ஓரடி முன்சென்றது. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் எனத் துறைதுறையாகச் சுழல்வதற்குப் பதிலாக, ஓராண்டு முழுவதும் கிராமப்புறப் பொது மருத்துவரிடமே அனைத்தையும் பயில மாணவர் சிலரை அனுப்பிற்று. 2004-இல் வெளியான ஒப்பீட்டின்படி, அவ்வாறு பயின்றவர்கள் தேர்வில் பெரிய மருத்துவமனையில் பயின்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. அவர்களைவிடக் கூடுதலான முன்னேற்றமே கண்டனர்.

இனிப் பாண்டுப் உள்ள மகாராஷ்டிர மாநிலத்துக்கே திரும்புவோம். ராஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்னும் டாக்டர் தம்பதியர் வேலூரில் பயின்றவர்கள். 1962-இலிருந்து சில ஆண்டுகள் வடாலா என்னும் ஊரின் மருத்துவமனையில் பணியாற்றினர். வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பிய குழந்தை, அதே கிணற்று நீரைக் குடித்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி வந்தது. அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெய்லரிடம் பொதுச் சுகாதாரம் படித்தனர். இந்த டெய்லரும் அவருடைய சகாக்களுமே, நம் நாட்டின் ஏழு மருத்துவக் கல்லூரிகளில் கிராமப் பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறதென்று ஆராய்ந்து 1976-இல் ஒரு நூல் வெளியிட்டவர்கள். 1970-இல் ஆரோளே தம்பதியர் அப்போது அகமத்நகர் என்றும் இப்போது அகில்யாநகர் என்றும் பெயருள்ள மாவட்டத்தில், வறட்சிக்குப் பேர்போன ஜாம்கேடில் குடியேறினர்.

கிராமங்களுக்குத் துணைச் செவிலியரை அனுப்புவதே அவர்களுடைய முதல் யோசனை. வெளியூர்ப் பெண்ணொருத்தி தனியே கிராமத்தில் தங்குவதும், அவள் சொல்லை மக்கள் ஏற்பதும் எளிதாக இல்லை. அதன்மேல், ஒவ்வொரு கிராமமும் தன்னுள்ளேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாயிற்று. அவர்களுள் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அவர்களில் பலர். பிரசவம் பார்ப்பது, குழந்தைகளை எடை போடுவது, வயிற்றோட்டத்துக்குக் கரைசல் கொடுப்பது, தொழுநோயின் முதற்குறியை அடையாளம் காண்பது ஆகியவற்றை அவர்கள் கற்றனர். 1971-இல் அப்பகுதியில் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 176 ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. பின்னர் வந்த ஆண்டுகளில் இவ்விகிதம் படிப்படியாகச் சரிந்து, இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஆயிரத்துக்கு இருபதுக்கும் கீழே வந்தது. 1979-இல் ஆரோளே தம்பதியர்க்கு மக்சேசே விருது அளிக்கப்பட்டது. மேபெல் 1999-இலும் ராஜனிகாந்த் 2011-இலும் காலமாயினர்.

பல நாடுகளிலிருந்து ஜாம்கேடுக்குப் பயிற்சிக்காக மருத்துவ மாணவர்கள் வந்துள்ளனர். கர்ப்பிணியின் வயிற்றைக் கையால் தொட்டுக் குழந்தையின் நிலையை அறிவதையும், தாயை அச்சுறுத்தாமல் கேள்வி கேட்பதையும் அவர்களுக்குக் கற்பித்தவர்களில், கையெழுத்திடவும் அறியாமல் இப்பணிக்கு வந்து சேர்ந்த கிராமப் பெண்களும் உண்டு.